ஏழு தட்டு, ஒரு ஆமென்

செட் மெனு என்றால் நாம் ஒன்றும் கேட்கக் கூடாது, அவர்கள் கொண்டுவந்து வைப்பதை வைத்த வரிசையிலேயே சாப்பிட்டுவிட்டு எழுந்து வர வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகள் எப்சிபாதான் ஆண்டவரே, போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், போனில், நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது. பிடிக்காத பதார்த்தம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பிடிக்காட்டி என்னம்மா, அடுத்தது வந்துரும்" என்றாள். அடுத்தது வந்துவிடும் என்கிற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி, ஜப்பான் சாப்பாட்டையும் நம்முடைய சாப்பாட்டையும் கலந்து போடுகிற இந்த ஓட்டலில், ஏசி காற்று பிடரியில் பட, மத்தியானம் ஒரு மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு எனக்கு அறுபது முடிகிறது, ஸ்தோத்திரம். இடது பக்கம் எப்சி, வலது பக்கம் என் மகன் கிதியோன், ஸ்தோத்திரம். இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆகிறது, உமக்குத் தெரியாததா. கேட்டுக் கேட்டே பழகிப்போனவள் நான். பால் திரியக் கூடாது என்று கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், மொட்டைமாடியில் வற்றல் காய்கிற வரைக்கும் மழையைக் கொஞ்சம் பிடித்து வையும் என்றுகூடக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்பதில்லை என்று விடியற்காலையில் முழங்காலில் நிற்கும்போதே தீர்மானம் பண்ணினேன். செட் மெனு மாதிரி. நீர் வைப்பதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறேன். இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும், ஐயோ, ஆசீர்வதியும் என்பதும் கேட்பதுதானே, சரி, சமைத்த கைகளுக்காக ஸ்தோத்திரம், விளைய வைத்தவர்களுக்காக, ஏற்றி இறக்கினவர்களுக்காக, அடுப்பங்கரையில் நின்று வியர்க்கிறவர்களுக்காக, ஆமென்.

கண்ணைத் திறந்தால் கறுப்புக் கல்தட்டு. அதன் நடுவில் சுருட்டி வைத்த ஒரு வெள்ளரிச் சீவல், மேலே நாலு எள். அவ்வளவுதான். என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதற்கா இத்தனை பேருக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது, உமக்கும் வந்திருக்கும். அதற்கும் முன்னால் சுடச்சுட ஒரு வெள்ளைத் துண்டைச் சுருட்டிக் கொடுத்தார்கள், ரயிலில் வந்த புழுதிக்கு நல்லதாகப் போயிற்று என்று முகம், கழுத்து, காதுப் பின்புறம் எல்லாம் துடைத்தேன், எப்சி மெதுவாக "அம்மா, அது கைக்கு" என்றாள். கைக்கும் துடைத்தேன். வெள்ளரியை வாயில் போட்டேன், புளிப்பும் இனிப்புமாய் கரகரவென்று இரண்டு கடி, முடிந்தது. முடிந்ததும் அடுத்தது வந்தது. மூடி போட்ட கிண்ணத்தில் சூப்பு. அப்போதுதான் எனக்குச் சட்டென்று பயம் பிடித்தது. ஒவ்வொரு தட்டும் ஒரு தனிச் சாப்பாடு மாதிரி வருகிறதே, ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாராவது ஒருத்தர் "யார் ஜெபம் பண்றது?" என்று கேட்டுவிட்டால்? அந்தக் கேள்வி இந்த மேஜையில் விழக் கூடாது. விழுந்தால் இரண்டில் ஒருவர் வாய் திறக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், போதும், நான் பட்டது போதும். அதனால் கிண்ணம் மேஜையைத் தொடுமுன் மறுபடி கண்ணை மூடிவிட்டேன். மனசுக்குள் மட்டும், உதடு அசையாமல். இந்தச் சூப்புக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. திறந்து பார்த்தால் பரிமாறுகிற பெண் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே ஏந்திக்கொண்டு, தலையைக் குனிந்து, அவளும் கண்ணை மூடி நிற்கிறாள். சின்னக் கண், வட்ட முகம், சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையைக் கிதியோன் வாசித்துச் சொன்னான், மாவீ என்று. எந்த ஊர் பிள்ளை என்றேன். "மிசோரம், அம்மா. நான் கூட சர்ச்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி, கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து என் சூப்புக் கிண்ணத்தோடு நிறுத்தியிருக்கிறீரே. சூப்பு நம்ம ரசத்தைப் புளி போடாமல் வைத்தால் எப்படியோ அப்படி. ஆனாலும் அடியில் ஏதோ ஒன்று இருக்கிறது, கடல் மாதிரி ஒரு வாசனை, எனக்குத் தெரிந்த வாசனை, பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

எதற்கு இவ்வளவு பயம் என்றால் எல்லாம் அந்த ஜெபத்தால் வந்தது. எங்கள் வீட்டில் இவர்கள் அப்பா பொன்ராஜ் இருந்த நாளிலிருந்தே குடும்ப ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு, இளையவர் முதலில், மூத்தவர் பிறகு, ஒவ்வொருவரும் சத்தமாய் ஜெபிக்க வேண்டும், முடிக்கும்போது நான் ஆமென் சொல்வேன். என் ஆமென் பெரிசு. "அம்மா ஆமென் சொன்னா தெருமுக்குல படுத்திருக்கிற நாய் எந்திரிச்சு உட்காரும்" என்பான் கிதியோன். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, நீர் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பீர், முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை உம்மிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிடுவது. கண்ணை மூடியிருக்கும்போது யாரும் குறுக்கே பேச முடியாதே. கலியாணமாகி வந்த முதல் மாதமே என் மாமியார், "ஆண்டவரே, லீதியாளுக்கு உப்புப் போடுகிற கையிலே நிதானத்தைத் தாரும்" என்று ஜெபித்தார்கள், நானும் ஆமென் சொன்னேன், வேறு என்ன சொல்ல. இவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோன அன்றைக்கு எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள். வலது கண்ணில் கட்டு. எப்சிக்கு பாங்கில் ஆடிட், மூன்று நாளும் வர முடியவில்லை, அன்று சாயங்காலம்தான் ஓடி வந்தாள், தலைகூட வாரவில்லை. பாட்டுப் பாடினோம். கிதியோன் ஆரம்பித்தான், நன்றாகத்தான் ஆரம்பித்தான், டாக்டருக்கு, நர்சுக்கு, கண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கடைசியில், "பெத்த தாயைப் பாக்க நேரமில்லாதவங்களுக்கு நீரே நேரத்தைத் தந்தருளும்" என்றான். முடித்தான். நான் ஆமென் என்றேன். பழக்கம் ஆண்டவரே. மணி அடித்தால் பள்ளிப் பிள்ளை எழுந்திருப்பதுபோல. அடுத்து எப்சி ஒரு மூச்சு இழுத்தாள், எனக்குக் கேட்டது. "அம்மாகூட ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டா அதுவே ஊழியம்னு நினைக்கிறவங்க கண்ணையும் திறந்தருளும்" என்றாள். அதற்கும் நான் ஆமென் சொன்னேன். அதே சத்தத்தில். டீ போட்டு வைத்திருந்தேன், இரண்டு பேரும் குடிக்காமல் போய்விட்டார்கள். அவள் மறுநாள் போனில், "அவன் சொன்னதுக்கு நீங்களே ஆமென் சொன்னீங்களேம்மா" என்று அழுதாள். அவன் வந்து, "அவ சொன்னதுக்கு ஆமென்னு முத்திரை குத்தினது நீங்கதானே" என்று கேட்டான். இரண்டு பேருக்கும் மற்றவருக்குச் சொன்னதுதான் காதில் நிற்கிறது, தனக்குச் சொன்னது மறந்துபோயிற்று. அதற்குப் பிறகு என் ஆமென் சின்னதாகிவிட்டது. கோயிலில்கூட உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன், பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்காது.

மூன்றாவது தட்டு வந்துவிட்டது, கண்ணை மூடு லீதியாள், ஸ்தோத்திரம், திற. சோற்றை உருட்டி, கறுப்பாய் ஏதோ இலையில் சுற்றி, மேலே நம்ம இட்லிப் பொடி தூவி நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு உருண்டை, அதன்மேல் இளஞ்சிவப்பாய் ஒரு மீன் துண்டு. "எப்சி, இது வேகலையே" என்றேன். "அப்படியேதான்மா சாப்பிடணும்." "கழுவினாங்களா?" "அம்மா!" சரி. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான், மீன் முள்ளில் துளி சிவப்புத் தெரிந்தால் எங்கள் அப்பா சட்டியையே திருப்பி அடுப்பில் ஏற்றச் சொல்வார், அவர் இப்போது உம்முடைய சந்நிதியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். குச்சி இரண்டு கொடுத்தார்கள். நான் பிடித்த பிடியில் ஒன்று கிழக்கே போயிற்று, ஒன்று மேற்கே போயிற்று. மாவீ ஓடி வந்து ஒரு ரப்பர் பாண்டைப் போட்டு இரண்டையும் தலையில் கட்டிக் கொடுத்தாள், இடுக்கி மாதிரி. சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் கட்டுவார்களாம். அதிலும் உருண்டை வழுக்கி சாஸில் குதித்து கிதியோன் சட்டையில் தெறித்தது. "அம்மா, கையில் சாப்பிடலாம். ஜப்பான் ஆளுங்களும் இதைக் கையில்" என்று மாவீ கையால் எடுத்துக் காட்டினாள். அப்பாடா. முன்னாலேயே சொல்லக் கூடாதா பிள்ளே. மூன்று பேரும் குச்சியைக் கீழே வைத்தோம். கிதியோன் எடுக்கும்போது பார்த்தேன், இவர்கள் அப்பாவின் அதே கட்டைவிரல், நுனியில் கொஞ்சம் பின்னால் வளைந்த விரல். எப்சியின் விரலும் அதேதான். இரண்டு பக்கமும் ஒரே கட்டைவிரல் ஒரே மாதிரி சோற்றை எடுக்கிறது, அது இரண்டு பேருக்கும் தெரியாது, நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரிகிறது. பச்சை மீன் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலாவது பஜ்ஜி. பெயர் என்னவோ சொன்னாள், கற்பூரவல்லி இலையில் போட்ட பஜ்ஜிதான், மாவு அவ்வளவு மெல்லிசு, இலையின் நரம்பு வெளியே தெரிகிறது. ஸ்தோத்திரம். தொட்டுக்கொள்ள ஒரு குட்டிச் சாடியில் சாஸ். சாடி ஒன்றுதான், அது கிதியோன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. எப்சி என்னைப் பார்த்து, "அம்மா, அந்த சாஸைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்றாள். கிதியோன் என்னைப் பார்த்து, "அம்மா, கையை நீட்டினா எட்டும்னு சொல்லுங்க" என்றான். இரண்டு பேருக்கும் இரண்டு பேர் பேசுவதும் கேட்கிறது, இருந்தாலும் நான் இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை, அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை, தபால் கொண்டுபோகிறேன். கழுத்து வலிக்கிறது. எனக்கு நாற்காலி போட்டதே அதற்குத்தானோ. சாடியை நான் எடுத்து நடுவில் வைத்தேன், இரண்டு பேரும் தொடவில்லை, பஜ்ஜியை வெறுமனே தின்கிறார்கள், அவ்வளவு ரோஷம். ஆனால் ஒன்று கவனித்தேன் ஆண்டவரே. அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் எட்டு வயதில் முகத்தை அப்படித்தான் வைப்பாள். அதை நினைத்துக்கொண்டே கண்ணை அந்தப் பக்கம் ஓட்டினபோதுதான் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். ஒரு புருஷனும் பெண்சாதியும், புதுசாய்க் கலியாணமானவர்கள் போல, அவர்களுக்கு முன்னாலும் அதே கறுப்புக் கல், அதே கற்பூரவல்லி பஜ்ஜி, எங்களுடைய அதே செட் மெனு. இரண்டே பேர். எப்சி என்ன சொன்னாள்? "மூணு பேருக்குக் குறைஞ்சா இந்தச் சாப்பாடே தரமாட்டாங்களாம்மா, மூணாவது ஆளை நீங்களே யோசிங்க" என்றாள். உன் வீட்டுக்காரரைக் கூப்பிடேன் என்றதற்கு அவருக்கு மீன் ஆகாது என்றாள், வாரத்துக்கு மூன்று நாள் மீன் சாப்பிடுகிற மனுஷர். அதை நம்பித்தான் நான் கிதியோனிடம், "நீ வராவிட்டால் எனக்குச் சாப்பாடு கிடையாதாம்ப்பா" என்று சொல்லி இழுத்து வந்தேன். மருமகளும், "போயிட்டு வாங்க, நான் வந்தா கூட்டமாயிரும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். அப்படியானால் மூன்று பேர் என்பது பொய். என் மகள், பாங்கு மேனேஜர், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உண்மையைப் பேசச் சொல்லிக் கொடுக்கிறவள், தம்பியை ஒரு மேஜைக்குக் கொண்டுவர என்னிடம் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். பஜ்ஜி என் கையிலேயே நின்றுவிட்டது. திரும்பி அவளைப் பார்த்தேன். நான் பக்கத்து மேஜையைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். காது வரைக்கும் சிவந்து, தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். பொய்க்கும் ஸ்தோத்திரம் சொல்லலாமா? கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

ஐந்தாவது தட்டைப் பார்த்ததும் எனக்கு ஜெபமே மறந்துபோயிற்று. ஊத்தப்பம். நம்ம ஊத்தப்பமேதான், தடியாய், முட்டைக்கோஸ் போட்டு, மேலே பழுப்பாய் ஏதோ இனிப்பு சாஸ் கோடு கோடாய். அதன்மேல் மரச்சீவல் மாதிரி, தச்சன் இழைப்புளி போட்டால் சுருண்டு விழுமே அந்த மாதிரி, மெல்லிசாய் ஒரு குவியல். அது அசைகிறது. அசைகிறது ஆண்டவரே, ஒவ்வொரு சீவலும் தலையைத் தூக்குகிறது, வளைகிறது, பக்கத்துச் சீவலைத் தொட்டுவிட்டுப் படுக்கிறது, மறுபடி எழுந்திருக்கிறது. "உயிரோட இருக்குடீ" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "சூடுக்குதான்மா ஆடுது, ஆவி படுதுல்ல" என்று எப்சி என் கையைப் பிடித்தாள். மூன்று பேரும் தட்டுக்கு மேலே குனிந்து பார்த்தோம், மூன்று தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன, அந்த ஆவி மூன்று மூக்கிலும் ஒரே நேரத்தில் ஏறியது. கடல், புகை, வெயில், கொஞ்சம் கசப்பு. சூப்பில் எனக்குப் பெயர் வராமல் போன அதே வாசனை. எனக்கு இப்போதும் வாய்க்கு வருமுன் வலது பக்கத்திலிருந்து கிதியோன், அவன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாமல், "அக்கா! மாசி!" என்றான். "மாசியேதான்டா!" என்றாள் அவள். அவ்வளவுதான். ஒரு வருஷம் ஏழு மாதம் நான் முழங்கால் தேயக் கேட்டது, ஊத்தப்பத்தின்மேல் ஆடுகிற சீவலில் ஒளிந்திருந்தது. மாசிக் கருவாடு, எங்கள் பக்கத்தில் சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைப்பார்களே, கட்டை மாதிரி இருக்கும், அம்மிக்கல்லில் தட்டித்தான் உடைக்க வேண்டும். ஜப்பான்காரர்களும் அதையேதான் காயவைத்து, அவர்களுக்கு இழைப்புளி இருப்பதால் சீவுகிறார்கள். இரண்டு பேரும் பேசினதை அவர்களே உணர்ந்து ஒரு நொடி அப்படியே உறைந்தார்கள். நான் மூச்சு விடவில்லை. சீவல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

பிறகு எப்சிதான், தட்டைப் பார்த்துக்கொண்டே, "அலமாரி மேலே அம்மா ஒரு டின்ல மாசிப்பொடி வச்சிருப்பாங்க" என்று ஆரம்பித்தாள், மாவீக்குச் சொல்கிற மாதிரி, மாவீக்கு அதில் பாதிகூடப் புரிந்திருக்காது. "நான் குனிஞ்சு நிப்பேன், இந்தத் தடியன் என் முதுகுல ஏறி எடுப்பான்." "ஸ்டூல்மேல நீ நின்னு, உன் மேல நான் நின்னு" என்றான் அவன். "எலேய், இறங்கும்போது என் தலையில கொட்டிட்டு நீ ஓடிட்டே. அடி எனக்கு." "நீதான் வாயைத் துடைக்காம அம்மா முன்னால போய் நின்னே." "முதுகுல உன் கால் தடம் இருந்துச்சுடா, மாக்கான்!" நான் சொன்னேன், இத்தனை வருஷமாய் வயிற்றுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன், "அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டதே நான்தான்." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஆடுகிற நாற்காலிமேல் ஏறி விழுந்துவிடக் கூடாதே என்று ஸ்டூலைப் போட்டேன்." "அப்போ என்னை ஏன்மா அடிச்சீங்க?" என்று எப்சி கேட்டாள், நாற்பது வயதை நெருங்குகிறவள், அந்த எட்டு வயது முகத்தோடு. "எடுத்ததுக்கா அடிச்சேன்? டின்னை மூடாமல் வச்சதுக்கு. எறும்பு வந்துச்சு." கிதியோன் மேஜையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் குச்சி கீழே விழுந்தது. ஊத்தப்பத்தை யாரும் துண்டு போட்டுப் பங்கு வைக்கவில்லை, மூன்று பக்கமிருந்தும் கையாலேயே பிய்த்தோம். கடைசிச் சீவலை அவன் எடுத்தான், அவள் அவன் கையில் ஒரு அடி வைத்தாள், அவன் பாதியைக் கிள்ளிக் கொடுத்தான். ஆறாவதாய் வந்த சோற்றுக்கும் மீன் குழம்புக்கும் நான் ஜெபம் பண்ணினேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை, பண்ணியிருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளும். இனிப்பாய் ஒரு குழம்பு, மாங்காய் போட்டிருந்தது. சாப்பிட்டேன் என்பது மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் பேச்சு என் தலைக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தது, யாரும் என்னிடம் தபால் கொடுக்கவில்லை, நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டேயிருந்தேன், பிறந்தநாளுக்கு இதைவிட என்ன. ஆனால் அப்போதும் உள்ளே ஒரு மூலையில் அந்தப் பயம் உட்கார்ந்திருந்தது. மாசியைப் பற்றிப் பேசுகிறார்கள், ஸ்டூலைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்த ஒரு சாயங்காலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், தரையில் கண்ணாடித் துண்டு கிடக்கிற இடத்தைச் சுற்றிப் போவது மாதிரி. யாராவது கால் வைத்துவிடப் போகிறார்கள் என்று நான் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழாவது தட்டு. மாவீ இரண்டு கையாலும் ஏந்தி வருகிறாள், மேலே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது, தட்டின் ஓரத்தில் சாக்லேட்டால் லீதியா என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, எப்சி சொல்லி வைத்திருப்பாள். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை ஐஸ்கிரீம். எள்ளாம். எள்ளுருண்டையைக் குளிர வைத்திருக்கிறார்கள். நான் அவசரமாய்க் கண்ணை மூடப் போனேன். மாவீ விடவில்லை. ஆறு தட்டுக்கு என்னைப் பார்த்துப் பழகிவிட்டாளே, தட்டை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டு, "அம்மா, நோ. பர்த்டே. இன்னைக்கு பிள்ளைங்க ப்ரேயர்" என்று சிரித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. விழுந்துவிட்டது, எந்தக் கேள்வி விழக் கூடாது என்று திரும்பத் திரும்பக் கண்ணை மூடினேனோ அது சிரித்த முகத்தோடு நடு மேஜையில் விழுந்துவிட்டது. கிதியோன் அக்காவைப் பார்த்தான். எப்சி, "இளையவங்கதானே முதல்ல" என்றாள், மெல்ல, மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு. அவன் தொண்டையைச் செருமினான். கண்ணை மூடிக்கொண்டேன், மடியில் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டேன். "ஆண்டவரே, எங்க அம்மாவுக்காக ஸ்தோத்திரம். அறுபது வருஷம் பாதுகாத்தீர். இன்னைக்கு ஒவ்வொரு தட்டுக்கும் அவங்க ஏன் கண்ணை மூடினாங்கன்னு எனக்குத் தெரியும், நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்துரக் கூடாதுன்னுதான்." நின்றான். தட்டில் கரண்டி ஒன்று நகர்ந்தது. "அன்னைக்கு அக்காவுக்கு ஆடிட்னு எனக்குத் தெரியும் ஆண்டவரே. தெரிஞ்சேதான் சொன்னேன். அதை ஜெபமா எடுத்துக்காதேயும்." அவன் முடிக்கவில்லை, முடிக்காத மாதிரியும் இல்லை, ஆமென் எங்கே வர வேண்டுமோ அங்கே வெறும் மூச்சு. நான் வாய் திறக்கவில்லை. இந்தப் பக்கம் எப்சி மூக்கை உறிஞ்சினாள். "ஆண்டவரே" என்றாள். "அம்மா கண்ணுல கட்டோட சிரிச்ச போட்டோ, அவன் ஸ்டேட்டஸ்ல போட்டது, அதை நான் எடுத்து வச்சிருக்கேன். இப்பவும் போன்ல அதுதான் இருக்கு. அது ஒண்ணுதான் அந்த மூணு நாள்ல எனக்குக் கிடைச்சது. அதை எடுத்தவனுக்காக ஸ்தோத்திரம்." மறுபடி மூச்சு. "ஆனா அவன் இன்னும் சாஸை என் பக்கம் தள்ளலை, அதையும் நீர் பார்த்துக்கொள்ளும்." கிதியோனிடமிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. மேஜைமேல் ஏதோ உராய்ந்துகொண்டு போகிற சத்தம், கண்ணைத் திறக்காமலே தெரிகிறது, அந்தச் சாடிதான், நடுவிலிருந்து இடது பக்கத்துக்கு.

இப்போது இரண்டு பேரும் சும்மா இருக்கிறார்கள். கண் மூடியிருக்கிறார்கள், தலை குனிந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும், எனக்காகக் காத்திருக்கிறார்கள். மாவீயும் குனிந்து நிற்கிறாள், கையை நெஞ்சில் வைத்திருப்பாள். எள் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்கும், மெழுகு சாக்லேட் எழுத்தின்மேல் சொட்டிக்கொண்டிருக்கும். நான் அன்றைக்குச் சொன்ன இரண்டு ஆமெனையும் இந்த ஒன்று போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆமென், தெருமுக்கில் படுத்திருக்கிற நாய் எழுந்து உட்காருகிற என் பழைய ஆமென், அதைத்தான் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். வாயைத் திறக்கிறேன், வரவில்லை. கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் பேசாமலே இருந்தால் இவர்கள் வேறு என்னமாவது நினைத்துக்கொள்வார்கள், முன்னால் சொன்னதற்கு ஒரு சண்டை, இப்போது சொல்லாததற்கு ஒரு சண்டை வந்துவிடும். இன்றைக்கு ஒன்றும் கேட்பதில்லை என்றுதான் வந்தேன் ஆண்டவரே, ஆறு தட்டு வரைக்கும் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் என் குரலைக் கொஞ்சம் திருப்பித் தாரும்.